ஐந்தாவது ஆளை நிறுத்திய கை

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை. சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினேன். மீசை முளைக்கும்போது பட்டாசுக்குக் குழாய் சுருட்டினேன். பிறகு மருந்து அடைத்தேன், போர்மேன் ஆனேன், அடுத்தவன் கம்பெனியை என் கம்பெனி மாதிரி பார்த்துக்கொண்டேன். கடைசியில் ஆனைக்குட்டம் போகிற வழியில் யாருக்கும் வேண்டாத பொட்டல் காடு ஒன்றை வாங்கி, என் சொந்த லைசென்ஸில் பட்டாசு செய்கிற ரூம் கட்டினேன். இன்றைக்கு அந்தக் காட்டில் வரிசையாக நிற்கிற ரூம்களை ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு சின்ன ஊர் மாதிரி இருக்கும். எனக்கு யாரும் கைதூக்கி விடவில்லை. தூக்கி விட்டிருந்தால் அவர் பெயரை நானே சொல்லியிருப்பேன்.

என் மகளை மட்டும் குறைவில்லாமல் படிக்க வைத்தேன். மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். முடித்தாள். முடித்து வந்தவள் நேரே கம்பெனி ஆபீஸில் வந்து உட்கார்ந்தாள். ஆர்டர் பேசுவது, லோடு அனுப்புவது, ஆபீஸர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள்தான். வடக்கே இருக்கிற வியாபாரியிடம் அவள் போனில் இந்தி பேசும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுவேன். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது புரியும்.

அப்பேர்ப்பட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவில்லை. பெண் பார்க்க வெளியூரிலிருந்து வருவார்கள். காபி குடிக்கும்வரை நன்றாகத்தான் பேசுவார்கள். வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், காரை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார்கள். ஊருக்குப் போனதும் தரகரிடம், "வெடி வீடுல்லா, யோசனையா இருக்கு" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த "வெடி வீடு" என்கிற வார்த்தை என் காதில் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. தீபாவளிக்கு மட்டும் எங்கள் சரக்கு வேண்டும், எங்கள் பிள்ளை வேண்டாமா?

இரண்டாயிரத்து சொச்சத்தில், எங்கள் பக்கம் எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் வந்துவிட்டிருந்த சமயம், தூத்துக்குடியிலிருந்து ஒரு இடம் வந்தது. அது வந்த விதமே தனி. திருத்தங்கலில் ஒரு அச்சாபீஸுக்கு வெளிநாட்டு மெஷின் இறங்கியது. அதைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பையன் லாரியோடு கூடவே வந்திருக்கிறான். வழியில் எங்கள் கம்பெனி கேட்டை மறித்து லாரியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். எங்கள் லோடு வெளியே போக முடியவில்லை. என் மகள் இறங்கிப் போய், டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் அவனைக் கிழித்துவிட்டாள். திட்டு வாங்கிக்கொண்டு போனவன் மறு வாரமே தரகரை அனுப்பினான்.

இதுவரை தனக்கென்று எதுவும் கேட்காத பெண், அவள் அம்மாவிடம் மெதுவாக, "இந்த எடம் அமைஞ்சா நல்லா இருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறாள். என் மனைவி அதை என்னிடம் வந்து சொன்னபோது, நான் மலையைப் புரட்டியாவது இதை முடிக்கிறது என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

பையனுக்குச் சம்மதம். பையனின் அப்பாவுக்கும் சம்மதம். பையனின் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. அந்த வீட்டில் அந்தம்மா சொன்னால்தான் அடுப்பே எரியும் என்று தரகர் சொன்னார். ஒருநாள் அவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அந்தம்மா ஒங்க வீட்டுக்கு வரலைன்னுட்டாக அண்ணாச்சி. கோயில்லயும் வேண்டாமாம். கடற்கரையில பழைய கோட்டை இருக்குல்ல, அதுக்குள்ள கப்பல் மியூசியம் தெறந்திருக்காக. பிள்ளைகுட்டியோட எல்லாரும் போறாக. அங்கன பார்ப்போங்காக."

"மியூசியத்துலயா? என் பொண்ணு என்னய்யா, செத்த திமிங்கலமா?"

"கோவிக்காதீக. அவுக முன்னோருக ஓட்டுன தோணியோட நங்கூரத்தை அங்கன வச்சிருக்காகளாம். அதையும் ஒங்களுக்குக் காட்டணுமாம்."

சரி, பெருமை காட்டக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. பெருமை காட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். நானும் அந்த ரகம்தான். இல்லாததைச் சொன்னால்தானே தப்பு?

தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்த நாளில் கிளம்பினோம். நான், என் மனைவி, என் மகள் மூன்று பேர்தான். பாதி வழி தாண்டியதும் என் மனைவி ஆரம்பித்தாள்.

"அங்கன வந்து அளக்காதீக. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"இருக்கிறதச் சொன்னா அளப்பாடி?"

"இருக்கிறதையே நீங்க சொன்னா அளப்பு மாதிரிதான் இருக்கு. வாயை மூடிக்கிட்டு வாங்க, அது போதும்."

பின்சீட்டில் என் மகள் சிரித்தாள். ஆனால் கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். நான் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கோட்டை என்றால் பெரிய கோட்டை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சரக்கு அடுக்கக் கட்டிய கிட்டங்கி, அதைச் சுற்றி உப்புக்காற்றில் அரித்த மதில், மதிலுக்கு வெளியே கடல். வாசலில் பஜ்ஜிக் கடை, சங்குக் கடை, பலூன்காரன். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகவும் வரிசை இல்லாமலும் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கடல் இல்லை, ஆறு என்று சொல்லிக்கொள்ளவும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். ஆனாலும் அந்தக் கடலைப் பார்த்து நான் வாயைப் பிளக்கவில்லை. பிளந்தால் பையன் வீட்டார் பார்த்துவிடுவார்களே.

அவர்கள் வந்தார்கள். பையன் நல்ல உயரம். அவன் அப்பா சிரித்த முகம், வெள்ளை வேட்டி, காலில் பளபளவென்று ஷூ. பையனின் அம்மா கஞ்சி போட்ட சேலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு ஹெட்மாஸ்டர் மாதிரி வந்தார். என் மகளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். "சாப்பிட்டியாம்மா?" என்றார். அதோடு சரி. பையனின் அப்பா பாக்கெட்டில் கையை விடுவதற்குள் நான் டிக்கெட் எடுத்து முடித்திருந்தேன். முதல் ரவுண்டு எனக்கு.

இரண்டாவது ரவுண்டு நங்கூரம். ஆள் உயரத்துக்குத் துருப்பிடித்த இரும்பு. அதன் முன்னால் பையனின் அப்பா ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க பாட்டனார் ஓட்டுன தோணி அண்ணாச்சி. வெங்காயமும் கூரை ஓடும் ஏத்திக்கிட்டு கொழும்புக்குப் போகும். பாய்மரத் தோணி. எஞ்சின் கெடையாது. காத்தும் கடவுளும்தான்."

நன்றாகத்தான் இருந்தது. மனதுக்குள் ஒத்துக்கொண்டேன். வெளியே, "நமக்கு வடக்குப் பக்கம். தீவாளி அன்னைக்கு டெல்லியில நம்ம சரக்கு வெடிக்காத தெரு இல்ல" என்றேன். என் மனைவி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பையனின் அம்மா நங்கூரத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூடத்தில் பிள்ளைகள் விளையாட மரத்தில் ஒரு கப்பல் மேல்தளம் கட்டியிருந்தார்கள். அசல் கப்பல் மாதிரியே திருப்புகிற சக்கரம், இழுத்தால் ஊதுகிற சங்கு, ஏறி இறங்கக் கயிற்று ஏணி. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சக்கரத்தைப் பிடித்தேன். அறுபது வயதில் கப்பல் ஓட்டினேன். ஒரு சின்னப் பெண், "தாத்தா, எம்புட்டு நேரம் ஓட்டுவீங்க, எறங்குங்க" என்றது. சங்கை ஒரு இழு இழுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

"கரையை இடிச்சிராதிய அண்ணாச்சி" என்றார் பையனின் அம்மா. உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. என் மகள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காரியம் பாதி முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கிருந்து ஒரு சரிவு கீழே இறங்கியது. கீழே, கப்பலை இரண்டாகப் பிளந்து உள்வயிற்றைக் காட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஒவ்வொரு அறையாகச் செய்து வைத்திருந்தார்கள். மாலுமி தூங்கும் இடம், சமையல் இடம், கடைசியில் குனிந்து நுழைய வேண்டிய சின்ன வாசல். அதன் மேல் சிவப்பு எழுத்தில், "வெடிமருந்து அறை" என்று இருந்தது. உள்ளே மங்கலான விளக்கு, வரிசையாக மரப் பீப்பாய்கள்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மருந்து இருக்கிற ரூமில் ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அது சட்டம். செருப்பு கூடாது, செல்போன் கூடாது, இரும்புச் சாமான் கூடாது. உள்ளே போகுமுன் வாசலில் பதித்திருக்கிற தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடும். பலர் இதைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். என் கம்பெனியில் அது மூச்சு விடுகிற மாதிரி. ஏனென்றால் நான் போர்மேனாக ஆவதற்கு முன்னால் வேலை பார்த்த ஒரு இடத்தில், சீசன் அவசரம் என்று ஒரு ரூமில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேராக இருந்திருந்தால் அன்று சாயங்காலம் மூன்று வீட்டில் விளக்கு எரிந்திருக்கும். இதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் எங்கள் மூன்று பேர் உடம்பும் எங்களைக் கேட்காமலே வேலை செய்தது. என் மனைவி செருப்பைக் கழற்றினாள். என் மகள் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து வெளியே பெஞ்சில் வைத்தாள். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைக் கம்பியை ஒரு தடவை தொட்டாள். நானும் செருப்பை விட்டு, போனை வைத்தேன். அவளையே பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒன்றும் புரியாமல் தன் ஷூவையும் கழற்றினான். அவன் அப்பா மட்டும் ஷூவோடு முதலில் குனிந்து உள்ளே போய், "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார். என் மனைவி போனாள். மகள் போனாள். பையன் போனான்.

நாலு.

ஐந்தாவதாகப் பையனின் அம்மா காலைத் தூக்கி வைத்தார். என் வலது கை வாசலுக்குக் குறுக்கே விழுந்தது.

"நில்லு! நாலு பேரு ஆச்சு!"

கம்பெனியில் நான் போடுகிற அதே சத்தம். "நில்லுங்க" கூட இல்லை. "நில்லு." முன்னே பின்னே என்னை அப்படிக் கேட்காதவர்கள் பயந்துவிடுவார்கள். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். அங்கே காவலுக்கு இருந்த பெண் ஓடி வந்து, "சார், எல்லாரும் போலாம் சார். பீப்பாய் எல்லாம் காலி சார்" என்றாள். எனக்கும் அது தெரியும். மியூசியத்தில் எவன் மருந்து வைப்பான்? ஆனால் கை இறங்க மாட்டேன் என்றது. உள்ளேயிருந்து என் மகள் வேகமாக வெளியே வந்த பிறகுதான் இறங்கியது.

அதற்குள் பையனின் அம்மா திரும்பிவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, சரிவில் ஏறி, மதிலுக்கு வெளியே போய், கடலைப் பார்த்த கல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். "கெடுத்துட்டீகளே. சிரிச்ச மொகத்தைச் சுண்ட வச்சுட்டீகளே."

"நாலு பேருக்கு மேல..."

"இது என்ன நம்ம கம்பெனியா? அந்தம்மா என்ன நம்மகிட்ட கூலிக்கா வந்திருக்காக?"

என் மகள் திட்டியிருந்தால் பரவாயில்லை. பெஞ்சிலிருந்து போனை எடுத்துக் கைப்பையில் போட்டு, அந்தப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ஏதோ ஒன்றை முடித்து வைக்கிற மாதிரி இருந்தது அது.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று என் மனைவி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வாள். கிடையாது. நடந்ததைச் சொல்லத்தான் போனேன். நான் செருப்பை மாட்டி, பெஞ்சிலிருந்த என் போனை எடுத்துக்கொண்டு படி இறங்க, பின்னாலேயே மற்ற எல்லோரும் வந்தார்கள். காற்று வேட்டியைத் தூக்கியது. பையனின் அம்மா திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"எங்க வீட்டுலயும் நாங்க நாலு பேருதான் அண்ணாச்சி. நானு, அவுக, ரெண்டு பயலுக. ஒங்க மக வந்தா அஞ்சாவது ஆளு. நானும் இப்படிக் கையை நீட்டி வாசல்லயே நிப்பாட்டிரட்டுமா?"

நான் எத்தனையோ ஆபீஸர்களுக்குப் பதில் சொன்னவன். கோர்ட்டில் வக்கீலுக்கே பதில் சொன்னவன். அந்தக் கேள்விக்கு நான் பையனின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். பையனின் அப்பா, "ஏ, விடு, என்ன பேச்சு இது" என்று இழுத்தார். அவர் சொல்லி முடிக்குமுன் என் மகள் இரண்டு படி இறங்கி முன்னால் போனாள்.

"வெடிமருந்து இருக்கிற ரூமுக்குத்தான் அந்தக் கணக்கு, அத்தை. ஒங்க வீட்டுல வெடிமருந்து இருக்கா?"

அத்தை! யாரைக் கேட்டு அத்தை என்றாள்? இன்னும் எதுவும் முடிவாகவில்லை. என் மனைவி வாயில் கையை வைத்தாள்.

பையனின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இருக்கு தாயி. ஒரே ஒரு பீப்பாதான். இந்தா, படியில உக்காந்திருக்கு பாரு."

பையன் சிரித்துவிட்டான். சிரித்துவிட்டு, அம்மா திரும்பிப் பார்த்ததும் இருமுகிற மாதிரி நடித்தான்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. வீட்டுக்கு வருவியள்ல, பார்த்துக்கிடுதேன்" என்றார் அந்தம்மா. குரலில் முன்பிருந்த கடுப்பு இல்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. என் மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் படியைத் தட்டினார். அவள் உட்கார்ந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். வெளையாட்டுக்கு இல்ல. நான் மாப்பிள்ளையோட அம்மா. எனக்குக் கோவம் வந்தா இந்தக் காரியம் நடக்காது. அது தெரிஞ்சா நிப்பாட்டுனிய?"

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாமல் செய்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லியிருந்தால் ஊர் வழக்கத்துக்குச் சரியாக இருந்திருக்கும். எனக்கு அது வராது.

"அந்த நேரத்துல ஆளு யாருன்னு தெரியாது தாயி. எத்தனை ஆளுங்கிறதுதான் தெரியும். தெரிஞ்சிருந்தாலும் நிப்பாட்டியிருப்பேன். செக்கிங் வந்த ஆபீஸரையே வாசல்ல நிப்பாட்டியிருக்கேன். இந்தா நிக்கிறாளே என் பொஞ்சாதி, இவளையே நிப்பாட்டியிருக்கேன்."

"வெயில்ல நிக்க வச்சாக மதினி" என்றாள் என் மனைவி, பழைய ஆத்திரம் அத்தனையும் சேர்ந்து. "கையில சோத்துச் சட்டி. கொண்டு போனதே இவுகளுக்குத்தான். உள்ள நாலு பேரு இருக்காங்கன்னு சொல்லி வெளியவே நிப்பாட்டிட்டாக. அன்னைக்கு அந்தச் சோத்தை நாய்க்குப் போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்."

"அப்பம் அன்னைக்கு ராத்திரியும் சோறு இல்லையா?" என்று பையனின் அப்பா கேட்க, "மறுநாளும் இல்ல" என்றேன். அது நிஜம்.

பையனின் அம்மா கடலைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்" என்றார். "தோணியில வேலைக்குப் போனான். தோணியோட தலைவனைத் தண்டல்னு சொல்லுவாக. கைதேர்ந்த மனுசன். காத்து எங்க திரும்பும்னு மொகத்த வச்சே சொல்லுவார். ஒரு தடவை கெளம்புத நேரத்துல அவரு மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரங்க வந்து, எங்க சரக்கையும் ஏத்திக்கோ, எங்க ஆளுகளையும் ஏத்திக்கோன்னு நின்னாக. தோணி தாங்காதுன்னு அவருக்குத் தெரியும். கரையில நின்ன எங்கப்பாவுக்கும் தெரியும். சம்பந்தக்காரங்களை எப்படி எறங்கச் சொல்லன்னு அந்த மனுசன் வாயத் தொறக்கல."

பையனின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன். அதுவும் என்னால் முடியும்.

அந்தம்மா என் மகளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"பட்டாசு வீடுன்னதும் எனக்குப் பயம். பொண்ணு நல்ல பொண்ணுன்னு இவன் சொன்னான். நல்ல பொண்ணுன்னா போதுமா? எப்பவும் நெருப்புப் பக்கத்துல இருக்கிற வீடு. கடல்ல ஒருத்தனக் குடுத்துட்டு, இன்னொண்ணு வேண்டாம்னுதான் தள்ளித் தள்ளிப் போட்டேன்." என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, சம்பந்தக்காரின்னு கூடப் பாக்காம நிப்பாட்டுனிய பாருங்க, அப்ப எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. இங்கன வந்து உக்காந்த பெறகுதான் அண்ணன் நெனப்பு வந்துச்சு. அன்னைக்கு அந்தத் தண்டலும் இப்படி ஒரு கையை நீட்டியிருந்தா, இன்னைக்கு மாமன் மொறைக்கு அவன் வந்து நின்னிருப்பான்."

என் மகளிடம் கேட்டார்: "நீயும் அந்த ரூமுக்குள்ள போவியா?"

"போவேன் அத்தை. நாலாவது ஆளா இருந்தாப் போவேன்."

"அஞ்சாவது ஆளா இருந்தா?"

"அப்பாவே உள்ள இருந்தாலும் வெளியதான் நிப்பேன்."

"பின்ன என்ன?" என்று எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஏங்க, போய்ப் பூ வாங்கிட்டு வாங்க."

"இப்பவா?" என்றார் பையனின் அப்பா.

"பெறகு எப்ப? பிள்ளைய இங்கனயே கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டுப் போகவா?"

அவர் பஜ்ஜிக் கடைப் பக்கம் ஓடினார். ஷூ போட்ட மனிதர் மணலில் ஓடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. மாப்பிள்ளை இன்னும் வெறுங்காலோடுதான் நின்றான். கல்படி சுட்டது போல, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினான். அவனிடம் என் மகள், "போய் ஷூவை எடுத்துட்டு வாங்க, யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றாள். டீக்கடையில் கேட்ட அதே அதட்டல்தான் என்று நினைக்கிறேன். அவன் சந்தோஷமாகப் போனான்.

பூ வந்தது. வாழை இலையில் சுற்றிய மல்லிகை, கடற்காற்றில் மணம் நாலா பக்கமும் போனது. கப்பல் சக்கரத்தை விட்டு என்னை இறக்கிய பள்ளிக்கூடக் கூட்டம் மொத்தமும் படிக்கு மேலே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. பையனின் அம்மா என் மகளைக் கிழக்கே பார்க்க நிறுத்தித் தலையில் பூவை வைத்தார். எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். என் மனைவி அழுதாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"வாங்க சம்பந்தி, ஒரு காப்பி குடிப்போம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. சம்பந்தி! எத்தனை பேர் என் வீட்டில் காபி குடித்துவிட்டு, அந்த வார்த்தையைச் சொல்லாமல் படியிறங்கிப் போயிருக்கிறார்கள். அத்தனை பேரும் அந்த மதில்மேல் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

"கொஞ்சம் பொறுங்க சம்பந்தி" என்று செல்போனை எடுத்து ஊருக்கு அடித்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள என் மச்சினனை விட்டு வந்திருந்தேன்.

"மச்சான், முடிஞ்சிருச்சு! பூ வச்சாச்சு!"

"நெசமாவா? அந்தம்மா ஒத்துக்கிட்டாகளா?"

"ஒத்துக்கிட்டாகளாவா? யாரு பேசுனது? சரி சரி, அந்தப் பெரிய சரத்தை எடுத்து வாசல்ல போடு. கம்பெனிப் பக்கமே கொண்டு போயிராத. வீட்டு வாசல்லயும் வேண்டாம், தெரு முக்குல போடு. பிள்ளைகளைத் தள்ளி நிக்கச் சொல்லு. போனைக் கட் பண்ணாத."

அவன் ஓடுவது, யாரையோ விரட்டுவது, என்னவென்று தெருக்காரர்கள் கேட்பது எல்லாம் போனில் வந்தது. பற்றவைத்ததும் நான் போனைப் புதுச் சம்பந்தியம்மாவின் காதில் வைத்தேன். என் கைக்குள் அந்தச் சின்ன டப்பா அதிர்ந்தது. அவர் கண்ணை இறுக மூடி, தோளைச் சுருக்கி, காதை மட்டும் எடுக்காமல் கடைசி வெடி வரை கேட்டார்.

"ஆத்தாடி! இம்புட்டுச் சத்தமா!"

"இது சின்னது தாயி. கல்யாணத்துக்குப் போடுறத நீங்க தூத்துக்குடியில இருந்தே கேக்கலாம்."

"அப்பம் நான் எதுக்குக் கார் வச்சு வரணும்? வீட்டுல இருந்தே கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லி, அன்றைக்கு முதல் தடவையாக அந்தம்மா பல் தெரியச் சிரித்தார்.

சொன்னாரே தவிர வராமலா இருந்தார்? தை மாதத்தில் மூன்று பஸ் பிடித்து, தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். மேளத்துக்கு முன்னால் என் வாசலில் வந்து இறங்கிய முதல் ஆள் அவர்தான்.